ஹாரனுக்குத் தொண்டை கட்டிய நாள்

பழைய கார்ச் சங்கத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஹாரன். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகைத் திருப்பியதும் சொல்வார்கள், அதுவும் அவளுக்கு நன்றாகக் கேட்கிற தூரத்திலேயே சொல்வார்கள். பழைய கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்ஜின் சத்தத்தில் காது பாதி போயிருக்கும். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கப் பேசுவது அந்தச் சங்கத்தின் பொதுக் குணம்.

வார நாட்களில் அவள் வேன்காரம்மா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் தூங்கி வழிகிற பிள்ளைகளை ஏற்றிப்போய், மாலையில் பேயாட்டம் ஆடுகிற அதே பிள்ளைகளை வீடு வீடாக இறக்குகிற வேலை. ஒருத்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான். ஒருத்தி முன்னால் இருப்பவளின் பின்னலை இருக்கைக் கம்பியில் கட்டுவாள். இன்னொருத்தன் வளைவு வந்தால் தவறாமல் வாந்தி எடுப்பான். அவளுக்குக் கண் சாலையில், காது பின்னால், வாய் எல்லா இடத்திலும். “கையை உள்ள போடு! அவ முடியை விடு! டேய், பையை விரிச்சு வை, வளைவு வருது!” இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக் கத்தித் தேறிய குரல் அது. அந்த வேனில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்காக அவளை யாரும் பாராட்டியதும் இல்லை.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவளுடைய அப்பா. டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். கடைசியாக வேலை பார்த்த முதலாளி, ஓடாமல் கிடந்த ஒரு பழைய காரை அவர் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அப்பா அதைத் தட்டிக் கொட்டி ஓடவைத்து, அதிலேயே மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். மகள் தேறினாள். அப்புறம் கல்யாணம் வந்தது, காரைத் தூக்கி மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்தார். பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டுக் குளத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எழுதிவைத்த மாதிரிதான். மாப்பிள்ளைக்கு அப்போது சைக்கிளே தகராறு.

மாப்பிள்ளை டைலர். கல்யாணமான புதிதில் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், ஒரு குப்பைத்தொட்டியையும் மாமியாரின் துணி உலர்த்தும் கம்பத்தையும் பலி கொடுத்து. ஆனால் கற்றுக்கொண்ட நாள் முதல் அந்த மனுஷனுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. இருக்கைகளுக்கு உறை தைத்தார், பின் ஜன்னலுக்குச் சுருக்கு வைத்த திரை தைத்தார், உபரி டயருக்குப் பொத்தான் வைத்த சட்டை தைத்தார். அகலமான உடம்பு, கிளம்பச் சோம்பல், கிளம்பினாலும் முனகல் என்பதால் காருக்குப் பெரியம்மா என்று பெயரும் வைத்தார். அசல் பெரியம்மா ஒருத்தி உயிரோடு இருந்தாள். அவள் இரண்டு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

சங்கத்தின் தலைவர் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தவர். ஏதாவது ஒரு சாக்கில் மாதம் ஒருமுறை எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்கே போனாலும் காரைச் சுற்றி நின்று தேநீர் குடித்துவிட்டு அடுத்தவர் காரைக் குறை சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் நிகழ்ச்சி. இதில் பெரிய விசேஷம் குளிர்காலச் சவாரி. விடிந்தும் விடியாமலும் பனிக்குள் கிளம்பி, நகரத்துக்கு வெளியே உள்ள ஏரிக்கரைக்குப் போய் சூப் குடிப்பது. வீட்டிலேயே போர்வைக்குள் உட்கார்ந்து சூப் குடிக்கலாமே என்று கேட்டவர்கள் சங்கத்தில் நீடித்ததில்லை.

சவாரிக்கு டாக்டர் விதிகள் வைத்திருந்தார். வண்டிக்கு உரியவர்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கை வேறு கை தொடக்கூடாது. மூத்த வண்டி முன்னால், இளையது பின்னால், யாரும் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், வழி விசாரிக்கக் கூடாது. கைபேசிகளை ஒரு கூடையில் போட்டு டாக்டர் வண்டியின் டிக்கியில் பூட்டிவிட வேண்டும். ஏன் என்றால், “அந்தக் காலத்துல போன் இருந்துச்சா?” என்பார். அந்தக் காலத்தில் மயக்க ஊசி போடாமல்தான் பல்லைப் பிடுங்கினார்கள். அதை மட்டும் டாக்டர் வசதியாக மறந்துவிட்டார்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாருமே ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் ஹாரன் தனி ரகம். கார் நகர்ந்த நிமிஷத்திலிருந்து ஆரம்பித்துவிடுவாள். “இடது பக்கம் கொஞ்சம். போதும். சைக்கிள் வருது, விடுங்க. மெதுவா. பள்ளம். இப்போ பிரேக், பிரேக், இன்னும் கொஞ்சம், நில்லுங்க.” மூச்சு விடக்கூட நிறுத்தமாட்டாள். பெரியம்மாவுக்குப் பின்னால் எப்போதும் காண்ட்ராக்டரின் கார் வரும். அவர் ஒவ்வொரு முறையும் இறங்கியதும், “டைலர் அண்ணே, உங்க பொறுமைக்குச் சிலை வைக்கணும்” என்பார். காண்ட்ராக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். டைலர் சகல துன்பங்களையும் தாங்குகிற மகான் மாதிரி ஒரு புன்னகை வைப்பார். அந்தப் புன்னகையைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தைத் திருகிவிடலாமா என்று அவளுக்கு வரும்.

ஏனென்றால் டைலருக்குக் கண் தெரியாது. அதுதான் விஷயம்.

முழுக்கத் தெரியாது என்றில்லை. நடுவில்தான் மறைப்பு, ஓரங்கள் தெரியும். எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாது, காது தெரியும். அதனால் பேசும்போது ஆளைச் சற்றுத் தள்ளிப் பார்ப்பார். டைலருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. “இப்பல்லாம் நூலே சரியில்ல” என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் தினமும் வேனுக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போனாள். பிறகு காண்ட்ராக்டருக்குத் தைத்த பேன்ட்டில் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் வந்தது. காண்ட்ராக்டர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டார், அவருக்கு இடுப்பில் கோளாறோ என்று மூன்று பேர் விசாரித்தார்கள். டைலர் தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, “பார்த்து நடந்துக்கச் சொன்னார்” என்றார். அடுத்த மாதம் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வெடுக்கப்போவதாகச் சொன்னார்.

அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் அவள் பெரியம்மாவின் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, “பேட்டரி போச்சு போல” என்றாள். “ஆமா, போச்சு” என்றார் அவர், பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல். அதன் பிறகு தெருவில் கார் எடுப்பது நின்றது. சங்கச் சவாரிக்கு மட்டும் பேட்டரிக்குத் தானாக உயிர் வந்துவிடும். தையலும் போய்விட்டது, கத்தரிக்கோலும் போய்விட்டது. அந்த மனுஷனிடம் மிச்சமிருந்தது ஒரு ஸ்டியரிங். அதையும் பிடுங்கிக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார், அதுவும் ஓரத்தைத்தான் பார்ப்பார். அதனால் அவள் கத்தினாள். ஹாரன் என்று பெயர் வாங்கினாள். புருஷனைப் பேசவிடாத பொம்பளை என்று எல்லாரும் பரிதாபப்பட்டது அவருக்காக.

ஒவ்வொரு சவாரி முடிந்த இரவும் இதுதான் கடைசி என்று சத்தியம் செய்துகொள்வாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்து ஏற்றி இறக்குகிறவள் அவள். நாளைக்கு அப்படி ஒரு பிள்ளை பெரியம்மாவுக்குக் குறுக்கே ஓடிவந்து, தான் கத்துவதற்கு ஒரு நொடி பிந்திவிட்டால் என்று நினைத்தால் தூக்கம் வராது. அவரை அந்த இருக்கையிலிருந்து இறக்க வேண்டும். ஆனால் அவர் மனசு உடையக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்கிற வழிதான் அவளுக்கு அகப்படவில்லை.

அந்த வருஷக் குளிர்காலச் சவாரி நாளன்று காலையில் எழுந்து, “என்னங்க” என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். கதவு இடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாரம் முழுக்கப் பனிக்காற்றில் ஜன்னல் கண்ணாடி ஏறாத வேனில் கத்திய கத்தலுக்குத் தொண்டை மொத்தமாகக் கணக்குத் தீர்த்துவிட்டது.

டைலர் தானே தைத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குல்லா வைத்து, மாப்பிள்ளை போலத் தயாராக நின்றார். அவள் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், வாசல் கதவின் முன் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

“தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் குடி. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? தொண்டை உனக்குத்தானே, வண்டி ஓட்டுறது நான்தானே.”

இரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்து கட்டிக் காத்த நாடகத்தை அந்த ஆள் இப்போது அவளிடமே நடித்துக் காட்டினார். ஒரு பதில் சொல்ல அவளுக்கு வாய் துடித்தது, அந்தப் பதிலுக்குக் குரல்தான் இல்லை. தனியாக விட்டால் தனியாகவே போய்விடுவார் என்று தெரியும். இரண்டு ஸ்வெட்டரைப் போட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

சங்கத்தார் கூடுகிற மைதானம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஹாரனுக்குக் குரல் போன செய்தி பரவியதும் திருவிழாக் களை வந்துவிட்டது. டாக்டர் டார்ச்சுடன் ஓடிவந்து, “ஆ காட்டுங்க” என்று உள்ளே பார்த்தார். “நல்ல வீக்கம். மூணு நாளைக்குப் பேசக் கூடாது.”

“மூணு நாளா! டைலர் அண்ணே, யார் முகத்துல முழிச்சீங்க?” என்றார் காண்ட்ராக்டர்.

அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனைக் காட்டினாள், தன் இரண்டு கண்களையும் காட்டினாள், கையை விரித்து இல்லை என்று ஆட்டினாள். இரண்டு வருஷ ரகசியத்தை அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டாள். டாக்டர் யோசித்துவிட்டு, “கண்ணுல எரிச்சலா? அதுவும் ஜலதோஷம்தான்மா” என்று அவள் கைபேசியை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, புரியாமல் போனதில் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கார்கள் கிளம்பின. பனி என்றால் அப்படி ஒரு பனி. பெரியம்மாவின் முன்விளக்கு நல்ல நாளிலேயே மெழுகுவர்த்தி மாதிரிதான் எரியும். முன்னால் மூன்று கார்கள், மூன்றாவது டாக்டருடையது. நான்காவது பெரியம்மா. பின்னால் காண்ட்ராக்டரும், அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு கார்களும். டைலர் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினார். அப்படி வைத்தால் முன் வண்டியின் சிவப்பு விளக்கு ஓரத்தில் ஒரு பொட்டாகத் தெரியும்.

முதல் திருப்பத்திலேயே அவள் கை அவர் முழங்காலுக்குப் போய்விட்டது. ஒரு தட்டு.

“என்ன, இன்னிக்குப் பாசம் பொங்குது?” என்றார்.

அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். சக்கரம் சாலை நடுத்திட்டில் உரசியது. இடது பக்கம் ஒடித்தார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது, கையை வைத்து அழுத்தினால் மெதுவாக. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவைத் தாண்டுவதற்குள் படித்துக்கொண்டுவிட்டார், முகத்தை மட்டும் சுதந்திரமாக ஓட்டுகிற ஆள் மாதிரி வைத்துக்கொண்டார். அவள் ஒரு கையால் முழங்காலைத் தட்டிக்கொண்டும் மறு கையால் கண்ணாடியில் படிகிற ஆவியைத் துடைத்துக்கொண்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹீட்டர் என்ற சாமான் பெரியம்மா பிறந்த காலத்தில் பிறக்கவே இல்லை.

ரவுண்டானாவில் கண்ணாடி மொத்தமாக மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் துடைக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கச் சாலையிலிருந்து ஏதோ ஒன்று கடகடவென்று வந்து முன்னால் நுழைந்தது. அவள் துடைத்து முடித்துப் பார்த்தபோது முன்னால் சிவப்பு விளக்கு இருந்தது. ஆனால் விளக்குக்கு மேலே டாக்டர் கோஷ்டியின் பளபளப்பான டிக்கி இல்லை. பெரிய வட்டமாக ஒரு தொட்டி, யானைத் துதிக்கை கனத்துக்கு ஒரு குழாய், அதன் கீழே ‘கழிவுநீர் – தள்ளி வரவும்’.

அது நேராகப் போகாமல் வலது பக்கம் திரும்பியது. டைலரும் பக்திசிரத்தையாகத் திரும்பினார்.

அவள் தட்டினாள், கிள்ளினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். “தெரியுது, தெரியுது, விடு. டாக்டர் புது வழியில கூட்டிட்டுப் போறார்” என்றார். ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கை போயிற்று. ஆனால் பின்னால் வருவது காண்ட்ராக்டர். அவருடைய பிரேக்கைப் பற்றி, எழுதிக் கேட்டாலும் அவரே உத்தரவாதம் தரமாட்டார். இந்தப் பனியில் பெரியம்மா திடீரென்று நின்றால் ஏழு கார்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். கையை எடுத்துக்கொண்டாள். ஒதுங்கலாம் என்று ஓரத்தைக் காட்டினால் இரண்டு பக்கமும் பள்ளம்.

தொட்டி லாரிக்காரர் பாவம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மங்கலான மஞ்சள் விளக்குகள் வரிசையாக வருகின்றன. தினமும் தனியாகப் போகிற சாலை. வேகம் கூட்டினார். விளக்குகளும் வேகம் கூட்டின. “இன்னிக்கு டாக்டர் பிரமாதமா விரட்டுறார்!” என்று டைலர் குஷியாகிவிட்டார்.

நாற்றம் வர ஆரம்பித்தது. இந்த இடத்தில் எந்தப் புதுக் கார்க்காரனாக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்பான். பழைய கார்க்காரர்கள் வேறு ஜாதி. அவர்களுடைய வண்டியில் என்றைக்கும் ஏதாவது ஒன்று நாறிக்கொண்டே இருக்கும், அது எது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வாழ்க்கை. டைலர் மூக்கை உறிஞ்சிவிட்டு, “கியர் ஆயில் கெட்டுப்போச்சு” என்றார். பின்னால் ஒருவர் பேட்டரி என்று முடிவு கட்டினார். இன்னொருவர் இருக்கைக்கு அடியில் எலி செத்திருக்கிறது என்று மனைவியைக் குனிந்து தேடச் சொன்னார். காண்ட்ராக்டர் தம் மனைவி டப்பாவில் கொண்டுவந்த அவித்த முட்டையைச் சந்தேகப்பட்டு, அதன் பேரில் அங்கே ஒரு குடும்பச் சண்டையே நடந்தது. ஏழு வண்டியிலும் ஒருத்தர்கூட முன்னால் போவது என்ன என்று பார்க்கவில்லை. முன் வண்டியின் விளக்கைப் பார்த்து ஓட்டுவதுதானே விதி.

சாலை ஒரு பெரிய கேட்டில் முடிந்தது. கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டுகிற முற்றம். இத்தனை பழைய கார்கள் அணிவகுத்து வருவதைப் பார்த்த காவலாளி, யாரோ பெரிய இடத்து ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று பயந்து, கேட்டை விரியத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். லாரி நின்றது. பெரியம்மா நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்து அழகாக வரிசையில் நின்றன.

அவள் பிடிப்பதற்குள் டைலர் இறங்கிவிட்டார். கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நடந்து, லாரியின் பின்புறத்தைத் தட்டிக்கொடுத்தார்.

“டாக்டர், அருமையா கூட்டிட்டு வந்தீங்க! வண்டிக்குப் புது பெயின்ட் போல, பளபளன்னு இருக்கே!”

லாரிக்காரர் மப்ளரோடு இறங்கிவந்து, “எதுக்குய்யா என் பின்னாடியே வர்றீங்க? நான் என்ன பண்ணேன்?” என்றார்.

காண்ட்ராக்டர்தான் முதலில் வெடித்தார். அவரைத் தொடர்ந்து முற்றமே சிரித்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “அண்ணே, வேணும்னே எங்களையெல்லாம் இங்க ஓட்டிட்டு வந்தீங்களா! அதுக்கு மேல ஒரு நடிப்பு வேற, டாக்டர்னு! உங்களுக்கு இவ்வளவு குசும்பா?”

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். தொட்டியின் மேல் வைத்த கை மெதுவாகக் கீழே இறங்கி, குழாயைத் தொட்டு, நின்றுவிட்டது. முகம் ரத்தம் வற்றிப்போயிருந்தது. எங்கே நிற்கிறோம், எதைத் தட்டிக்கொடுத்தோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கூடவே காண்ட்ராக்டர் நீட்டிய வழியும் புரிந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். சங்கத்தின் பெரிய கேலிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, திரும்ப ஏறி, அதே பனியில் ஏரி வரைக்கும் ஓட்டலாம். அடுத்த வருஷமும் ஓட்டலாம். யாரையாவது அடித்துத் தள்ளுகிற வரைக்கும் ஓட்டலாம்.

அவர் உதடு சிரிப்புக்குத் தயாரானது. அவளுக்குத் தெரிந்த சிரிப்பு அது, அதே மகான் சிரிப்பு.

குரல் இருந்திருந்தால் அவளே ஏதாவது சொல்லிச் சமாளித்துக் காப்பாற்றியிருப்பாள். அதுதான் இரண்டு வருஷமாக அவள் பார்த்த வேலை. இன்றைக்கு அந்த வசதி இல்லை. காரைச் சுற்றி வந்து, ஓட்டுகிறவர் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

சிரிப்பு குறைந்தது. “அக்கா, அது... விதி இருக்கே” என்று காண்ட்ராக்டர் இழுத்தார்.

டைலர் மட்கார்டைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார். திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் கை வைக்கப் போனார். அவள் தோள் தட்டுப்பட்டது. அங்கேயே நின்றார். அவள் நகரவில்லை. மனசு உடைந்தால் உடையட்டும், ஒட்டவைத்துக்கொள்ளலாம், செத்துப்போன பிள்ளையை ஒட்டவைக்க முடியாது என்று அவள் நினைத்தாள். நினைத்தபோதே கண்ணில் நீர் முட்டியது.

“என்னண்ணே, அக்காவைக் கீழ இறங்கச் சொல்லுங்க” என்றார் ஒருவர்.

டைலர் தொண்டையைச் செருமினார். யாரையும் பார்க்காமல், அதாவது அவர் வழக்கப்படி எல்லாருடைய காதையும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“குசும்பெல்லாம் இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமாச்சு. கண் டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார், ஸ்டியரிங்கைத் தொடாதேன்னு. இவ கத்திக் கத்தித்தான் நான் ஓட்டினேன். நான் எங்க ஓட்டினேன், இவதான் வாயாலயே ஓட்டினா. நீங்கல்லாம் ஹாரன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. “இன்னிக்கு அவளுக்குக் குரல் இல்ல. எங்க வந்து நிக்கிறோம்னு பாருங்க.”

எல்லாரும் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தார்கள். பார்க்கிற மாதிரியான இடம் இல்லை அது. காண்ட்ராக்டர் குனிந்து தம் பேன்ட் கால்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார், இப்போதுதான் அவருக்கு ஒரு கணக்கு நேரானது. அவர் மனைவி ஹாரனிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல், முட்டை டப்பாவை ஜன்னல் வழியாக மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

டைலர் காரைச் சுற்றி வந்தார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கையால் துழாவித் துடைக்கிற துணியைக் கண்டுபிடித்தார்.

“நீ முதல்ல போ” என்றார். “அவனுங்க பின்னாடி வரட்டும்.”

பெரியம்மா அவளை மறக்கவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த அதே கிளட்ச், அதே இழுப்பு, இரண்டாவது கியருக்குப் போகும்போது அதே முனகல். காவலாளி இன்னொரு சல்யூட் அடித்தார். கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், பக்கத்து இருக்கை வாயைத் திறந்தது.

“மெதுவா. மெதுவாப் போ. இடது பக்கம் கொஞ்சம் விடு. கியரை மாத்து. இப்பவே ஏன் மாத்தின? முன்னாடி ஏதோ வருது.”

முன்னால் ஒன்றும் வரவில்லை. வலது என்றால் இடதாக இருந்தது, மேடு என்றால் பள்ளமாக இருந்தது. பள்ளிக்கூட வேனில் வாந்தி எடுக்கிறவன்கூட இதைவிட உருப்படியாக வழி சொல்வான். வாயை மூடுங்க என்று சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அவர் ஆவி படிகிற கண்ணாடியை அக்கறையாகத் துடைத்துக்கொண்டே, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிக்கொண்டு வந்தார்.

ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால், “சைக்கிள்! இடது பக்கம், ஓரத்துல! பிரேக்!” என்றார்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கால் தானாக அழுத்திவிட்டது. பனிக்குள்ளிருந்து விளக்கில்லாத சைக்கிள் ஒன்று, பின்னால் பால் கேனோடு, ஓரத்திலிருந்து சாவகாசமாக வந்து பெரியம்மாவின் மூக்கைத் தொடாத குறையாகக் குறுக்கே போயிற்று. பின்னால் ஏழு கார்களும் கிறீச்சிட்டு எப்படியோ நின்றன, காண்ட்ராக்டருடையது உட்பட. ஓரம்தானே, டைலருக்கு ஓரம் தெரியும்.

“பார்த்தியா?” என்றார். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது குரல்.

அவள் மறுபடி காரைக் கிளப்பினாள். கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தாள். தட்டவில்லை. வைத்து அழுத்தினாள்.

“என்ன, மெதுவாவா?” என்றார் டைலர். “என்கிட்ட ஏன் சொல்ற? வண்டி ஓட்டுறது நீதானே.”

அவள் கையை எடுக்கவில்லை. கியர் மாற்ற வேண்டிய இடம் வந்தும் எடுக்கவில்லை. பெரியம்மா தப்பான கியரில் முனகிக்கொண்டே ஏரிப் பக்கம் திரும்பியது.